டயப்பரைக் கழற்றுமுன் மலத்தைக் கவனியுங்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். ஜூனில் பள்ளி திறக்கும். 'குழந்தை டயப்பர் இல்லாமல் வர வேண்டும்' என்று பல மழலையர் பள்ளிகள் சேர்க்கையின்போதே சொல்லி அனுப்பிவிடுகின்றன. அதனால் மே மாதக் கடைசியில் வீடுகளில் ஓர் அமளி. இரண்டரை வயதுப் பிள்ளையைப் பத்தே நாளில் கழிப்பறைக்குப் பழக்கிவிட வேண்டும் என்று மணிக்கொரு தரம் உட்கார வைத்து, 'போ, போ' என்று எதிரிலேயே நிற்பார்கள். பிள்ளை போகாது. எழுந்த மறு நிமிடம் கதவு மூலைக்குப் போய் ஜட்டியிலேயே போய்விடும். 'வேணும்னே பண்றான்' என்று முதுகில் ஒன்று விழும். பிடிவாதம் என்று பெயர் வைக்கப்படும் இதில் பல நேரம் இறுகிய மலம்தான் கோளாறு.

கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒளிந்து நிற்கிற பிள்ளையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நுனிக்காலில் நிற்கும். இரண்டு காலையும் பின்னிக்கொள்ளும். முகம் சிவக்கும். முக்குகிறது என்று நினைக்கிறோம், அது அடக்குகிறது. எப்போதோ ஒரு தடவை கெட்டியாகப் போய் ஆசனவாய் கீறி வலித்திருக்கும். அந்தப் பயத்தில் அடுத்த தடவை அடக்கும். உள்ளே தங்கிய மலத்திலிருந்து குடல் நீரை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால் அது இன்னும் இறுகும், அடுத்த முறை இன்னும் வலிக்கும். சில நாளில் அந்தக் கட்டியைச் சுற்றிக்கொண்டு தண்ணீராகக் கசிந்து ஜட்டியில் கறை படும். வயிற்றுப்போக்கு என்று எண்ணிப் பழத்தையும் கீரையையும் நிறுத்துவார்கள். இதைவிடத் தலைகீழான வைத்தியம் இருக்க முடியாது. நிரம்பிய மலக்குடல் சிறுநீர்ப்பையையும் நெருக்கும். அரை மணிக்கொரு தரம் ஜட்டி சொட்டுச் சொட்டாக நனைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே ஆட்டுப் புழுக்கை போலப் போகிற பிள்ளைக்கும், வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் போகாத பிள்ளைக்கும் பயிற்சியைத் தள்ளிவையுங்கள். முதலில் பால் புட்டியை எண்ணுங்கள். 240 மில்லி புட்டியில் நாளைக்கு நான்கு என்றால் 960 மில்லி. ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு 400 முதல் 500 மில்லி போதும். அதற்கு மேல் கொடுத்தால் பாலிலேயே வயிறு நிரம்பி, சோறும் பருப்பும் காயும் இறங்காது, இரும்புச்சத்தும் குறையும். பப்பாளி, கீரை மசியல், ஊறவைத்துப் பொடியாக நறுக்கிய உலர் திராட்சை கொடுங்கள். மே வெயிலில் பிள்ளை வியர்த்துக் கொட்டும். கேட்கும்போது மட்டும் தண்ணீர் கொடுத்தால் போதாது, விளையாட்டுக்கு நடுவிலும் நீட்ட வேண்டும்.

இதற்கும் இளகாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் எழுதித் தரும் லாக்டுலோஸ் போன்ற மருந்தை இரண்டு நாள் நன்றாகப் போனதும் நிறுத்துவதுதான் பல வீடுகளில் நடக்கிற தவறு. விரிந்துபோன மலக்குடல் பழைய அளவுக்கு வர வாரக்கணக்கில், சில பிள்ளைகளுக்கு மாதக்கணக்கில் ஆகும். வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தோய்த்து வைப்பதும் சோப்புத் துண்டு வைப்பதும் வேண்டாம். அன்றைக்கு வேலை நடக்கலாம். ஆனால் ஏற்கெனவே பயந்திருக்கிற இடத்தில் இன்னொரு வலி. மறுநாள் இன்னும் பலமாக அடக்கும்.

மலம் ஓரிரு வாரம் தொடர்ந்து இளக்கமாகப் போன பிறகு இருக்கைக்கு வரலாம். கடையில் இதை 'பாட்டி' (potty) என்று கேட்டு வாங்குகிறோம். அசல் பாட்டிகள் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு பாதங்களின் மேல் குழந்தையைக் குந்த வைத்து 'ஸ்ஸ்ஸ்' என்றார்களே, அதில் குழந்தையின் முழங்கால் இடுப்பைவிட உயர்ந்திருக்கும். அந்த நிலையில் மலக்குடலின் வளைவு நேராகி வழி விடும். வாங்கும் இருக்கையிலும் அதையே பாருங்கள்: உள்ளங்கால் இரண்டும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். வெஸ்டர்ன் கழிப்பறையில் வளையம் மட்டும் போட்டு உட்கார வைத்தால் கால் அந்தரத்தில் தொங்கும். விழாமல் இருக்க உடம்பை இறுக்கிக்கொண்டே இருக்கிற பிள்ளைக்கு ஆசனவாய் தளராது. காலடியில் உறுதியான முக்காலி ஒன்று போடுங்கள். பாட்டும் விளக்கும் வருகிற இருக்கை விளையாட்டுச் சாமான்தான், அதற்குப் பணம் செலவழிக்காதீர்கள்.

எழுந்தவுடன் ஒரு தரம் உட்கார வையுங்கள். காலைச் சாப்பாடும் இரவுச் சாப்பாடும் முடிந்து 15 முதல் 30 நிமிடத்துக்குள் ஒரு தரம். வயிற்றில் உணவு இறங்கியதும் பெருங்குடல் தானாக அசைந்துகொடுக்கும் நேரம் அது. மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் போதும்; வராவிட்டால் எழுப்பிவிடுங்கள். கையில் மொபைல் கொடுத்தால் அரை மணி நேரம்கூட உட்காரும், ஆனால் வயிறு சொல்வதைக் கவனிக்காது. சோப்பு நுரைக் குமிழி ஊதச் சொல்லுங்கள். ஊதும்போது வயிறு முன்னே தள்ளும், கீழே இறுக்கம் விடும். மற்ற நேரத்தில் ஒன்றுக்குப் போக இரண்டு மணிக்கொரு தரம் நினைவூட்டினால் போதும். அந்த இரண்டு மணி நேரம்கூட ஜட்டி காயாமல் நனைந்துகொண்டே இருந்தால் பிள்ளை இன்னும் தயாராகவில்லை; ஒரு மாதம் விட்டுத் தொடங்குங்கள்.

பகலில் டயப்பருக்குப் பதில் மெல்லிய பருத்தி ஜட்டி, குறைந்தது பத்து கைவசம் இருக்கட்டும். டயப்பர் ஈரத்தை உறிஞ்சிவிடுவதால் பிள்ளைக்கு நனைந்ததே தெரியாது. கால்சட்டை எலாஸ்டிக் வைத்ததாக இருக்கட்டும். பட்டனும் ஜிப்பும் கழற்றுவதற்குள் காரியம் முடிந்துவிடும். ஆண் பிள்ளையும் முதலில் உட்கார்ந்தே பழகட்டும். நனைத்துவிட்டால் 'நனைஞ்சிருச்சா, மூச்சா இங்கதான் போகணும்' என்று இருக்கையைக் காட்டி, துடைத்துவிட்டு நகருங்கள். விருந்தாளி முன்னால் அதைச் சொல்லிச் சிரிப்பது அடிப்பதற்குச் சமம்.

பெண் குழந்தைக்குக் கால் கழுவிவிடும்போது முன்பக்கமிருந்து தண்ணீர் ஊற்றிக் கை பின்பக்கமாகப் போக வேண்டும். மாறினால் சிறுநீர்த் தொற்று வரக்கூடும். 'குழந்தை ஆய்தானே' என்று சாக்கடையில் கொட்டாதீர்கள். பெரியவர் மலத்தில் உள்ள கிருமிகள் அதிலும் இருக்கும். கழிப்பறையில்தான் கொட்ட வேண்டும். பிறகு சோப்புப் போட்டு உங்கள் கை, பிள்ளையின் கை இரண்டையும் கழுவுங்கள்.

இரவு நனைவது வேறு கணக்கு. ஐந்து வயது வரை அது நோயல்ல. ரப்பர் விரிப்புப் போதும்; தூக்கத்தில் எழுப்பி நடத்திக்கொண்டு போவதால் பிள்ளை எதையும் கற்பதில்லை. மலத்தில் ரத்தம், ஒன்றுக்குப் போகும்போது அழுகை, காரணமில்லாக் காய்ச்சல் இருந்தால் மருத்துவரிடம் போங்கள். நன்றாகப் பழகிய பிள்ளை திடீரென்று மறுபடி நனைத்து, கூடவே ஓயாமல் தண்ணீர் கேட்டால் அன்றே ரத்தச் சர்க்கரை பார்த்துவிடுங்கள்.

பள்ளி நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு வீட்டில் 'மூச்சா', இன்னொரு வீட்டில் 'உச்சா', வேறொரு வீட்டில் 'ஒண்ணுக்கு'. 'மூச்சா' என்று முனகுகிற பிள்ளையிடம் ஆசிரியை 'என்னடா கண்ணு?' என்று திரும்பக் கேட்பதற்குள் பெஞ்ச் நனைந்துவிடுகிறது. சேர்க்கைப் படிவத்தில் அப்பாவின் வருமானம் கேட்கிறீர்கள், அம்மாவின் படிப்பைக் கேட்கிறீர்கள். வீட்டில் பிள்ளை இதற்கு என்ன சொல்லும் என்று ஒரு வரியும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாற்று ஜட்டி இரண்டு பையில் வைத்து அனுப்பச் சொல்லுங்கள்.

குழந்தைகள் நலப் பிரிவுச் செவிலியர்கள் இருவர்,
தஞ்சாவூர்.