தொடக்க நிலை ஆட்டக்காரருக்குப் பொருந்தாத கோல்ஃப் அயர்ன் செட்: மாற்றித் தரக் கோரும் புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர், ஓசூர், கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

ஐயா,

உங்கள் கடையில் 'தொடக்க நிலையினருக்கு' என்று போட்டிருந்த கோல்ஃப் அயர்ன் செட்டுக்கு (உலோகத் தலை கொண்ட, எண்ணிட்ட கிளப்புகள், அதாவது மட்டைகளின் தொகுப்பு) ரூ.42,500 கட்டினேன். படிவத்தில் கேட்ட எல்லாவற்றையும் நிரப்பியிருந்தேன்: ஹேண்டிகேப் (ஆட்டத் திறனின் அளவு; எண் கூடினால் திறன் குறைவு) 32, டிரைவர் (நீண்ட தூர அடிக்கான கிளப்) வீசும் வேகம் மணிக்கு 78 மைல், கேவிட்டி பேக் (பின்பக்கம் குடைந்த) தலை, ரெகுலர் (நடுத்தர வளைவுள்ள) கிராஃபைட் ஷாஃப்ட் (தண்டு), 5-அயர்ன் முதல் பிட்சிங் வெட்ஜ் (குறுகிய தூர அடிக்கான கிளப்) வரை, கூடவே ஒரு சாண்ட் வெட்ஜ் (மணல் குழியிலிருந்து அடிக்கும் கிளப்).

வந்திருப்பவை பிளேடு தலைகள். பின்பக்கம் குடைவே இல்லை, ஆஃப்செட் (தண்டைவிட முகம் சற்றுப் பின்தள்ளி இருப்பது) இல்லை, சோல் (தலையின் அடிப்பகுதி) மெல்லியது. எடை முழுக்க நடுவில் குவிந்திருப்பதால், பந்து ஓரத்தில் பட்டால் கிளப்பின் முகம் (பந்தை அடிக்கும் பரப்பு) திரும்பிக்கொள்கிறது; தூரமும் குறைகிறது, திசையும் தவறுகிறது. கேவிட்டி பேக்கில் அந்த எடையை விளிம்புக்குத் தள்ளியிருப்பார்கள், தவறிய அடியும் ஓரளவு நேராகப் போகும். பந்துக்கு முன்பே தரையைத் தொடுவது புதிதாக ஆடுபவர்களின் வழக்கமான பிழை. அப்போது அகலமான சோல் வழுக்கி நகரும், மெல்லிய சோல் மண்வெட்டி மாதிரி இறங்கிவிடும்.

ஷாஃப்ட்டில் ஒட்டிய பட்டையிலேயே 'ஸ்டிஃப் (விறைப்பானது), 120 கிராம்' என்று இருக்கிறது. நான் கேட்ட வகை 60, 70 கிராமுக்குள் வரும். 78 மைல் வேகத்துக்கு ஸ்டிஃப் ஷாஃப்ட் போதிய அளவு வளையாது. பந்து தாழ்வாகக் கிளம்பி வலப்பக்கம் ஒதுங்கும். கேட்காத 4-அயர்ன் ஒன்றும் பையில் இருந்தது. இந்த வேகத்தில் அதை மேலே எழுப்ப முடியாது. அந்த இடத்தில் ஹைப்ரிட் (பந்தை எளிதாக மேலே எழுப்பும் கலப்பு வகைக் கிளப்) கொடுப்பதுதான் முறை.

இதைவிட மோசமானது லாஃப்ட், அதாவது பந்து போகும் தூரத்தைத் தீர்மானிக்கும் முகச் சாய்வுக் கோணம். ஓசூரில் டூல் ரூமுக்கு (துல்லியக் கருவிகள் உள்ள பட்டறை) பஞ்சமில்லை; அங்கே அளந்து பார்த்தேன். ஷாஃப்ட்டை வி-பிளாக்கில் (V வடிவத் தாங்கி) படுக்கவைத்து, முகத்தின் நடுவில் பெவல் புரொட்ராக்டர் (கோணமானி) வைத்து அளந்ததில்: 7-அயர்ன் 34 டிகிரி, 8-அயர்ன் 38, 9-அயர்ன் 42. பிளேடு செட்டுக்கு இது சரியான வரிசை; அடுத்து 46 அல்லது 47 வர வேண்டும். உங்கள் பிட்சிங் வெட்ஜோ 44. அதாவது அது வேறொரு செட்டின் தலை. 9-அயர்னுக்கும் அதற்கும் 2 டிகிரிதான் வித்தியாசம், இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரம் போகும். அதிலிருந்து 56 டிகிரி சாண்ட் வெட்ஜுக்கு 12 டிகிரி பள்ளம். நடுவில் உள்ள தூரத்துக்குக் கையில் கிளப்பே இல்லை.

'பத்து நாள் பழகினால் கைக்கு வந்துவிடும்' என்று உங்கள் ஊழியர் போனில் சொன்னார். பழகினால் கை மாறலாம், 44 டிகிரி 46 ஆகாது.

15 நாட்களுக்குள் கேட்டபடி ஒரே செட்டைச் சேர்ந்த கிளப்புகளை அனுப்பவும், அல்லது முழுத் தொகையைத் திருப்பித் தரவும். திருப்பி எடுக்கும் கூரியர் செலவு உங்களுடையது. 'பயன்படுத்திய பொருள்' என்று 10 சதவீதம் பிடிப்பதாகச் சொன்னதை ஏற்க முடியாது; முகத்தில் இருக்கும் தேய்மானம் பயிற்சித் தளத்தில் ஒரு கூடை பந்து அடித்துப் பார்த்ததால் வந்தது, அடிக்காமல் இந்தக் கோளாறு தெரிந்திருக்காது.

பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, நான் வசிக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், ஆர்டர் படிவ நகல், ஷாஃப்ட் பட்டை மற்றும் லாஃப்ட் அளவுகளின் படங்கள்.