யானைக்கல் பாலத்தடியில் படுப்பவர்களையும் எழுதிக்கொள், அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. நான் இங்கே நலம். அம்மா, மாமா, பிள்ளைகள் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவின் முழங்கால் வலிக்கு அந்த எண்ணெயை விடாமல் தேய்க்கச் சொல்.

போனில் அடிக்கடி பேசிக்கொள்கிறோம்தான். ஆனால் போன வாரம் நீ கேட்டதற்குப் போனில் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. “லீவு நாள்ல படுத்துத் தூங்காம, அந்தப் பனியில பார்க்குல போய் என்னடா பண்ற?” என்றாய். பின்னாலிருந்து அம்மா, “போலீஸ் வம்பு எதுவும் வேணாம்னு சொல்லு” என்றதும் காதில் விழுந்தது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும். உன்னிடம் கேட்க வேண்டிய காரியம் ஒன்றும் இருக்கிறது.

டொராண்டோ படங்களில் நீங்கள் பார்ப்பது ஏரியும் உயரமான கோபுரமும். பிழைக்க வந்தவனுக்கு முதலில் தெரிவது வாடகை. இந்த ஊரின் ஸ்கார்பரோ பகுதியில் தமிழர்கள் நிறைய இருப்பதால் பேச்சுக்கும் தோசைக்கும் குறைவில்லை. ஆனால் ஒரு வீட்டின் அடித்தளத்தில் இருக்கிற சின்ன அறைக்கே என் சம்பளத்தில் பெரும்பங்கு போய்விடுகிறது. வேலை போனால், உடம்புக்கு முடியாமல் படுத்துவிட்டால், வீட்டுக்காரர் வீட்டை விற்றுவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் என் கூட வேலை பார்ப்பவர்கள் எல்லோருக்குமே உண்டு. அப்படி ஆகிப்போனவர்கள்தான் இங்கே ஷெல்டர் என்கிற தங்குமிடங்களிலும் பூங்காக் கூடாரங்களிலும் இருக்கிறார்கள். 2024-இல் மாநகராட்சி எடுத்த கணக்கில் இந்த ஒரு ஊரில் மட்டும் 15,000 பேருக்கு மேல் வீடில்லாமல் இருந்தார்கள். தினமும் வேலைக்குப் போய்விட்டு ராத்திரி ஷெல்டருக்குத் திரும்புகிறவர்களும் அதில் அடக்கம். அடிக்கிற புருஷனை விட்டு வந்த பெண்களும், அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்களும் உண்டு.

ஷெல்டரில் இடம் வேண்டுமென்றால் ஒரு நம்பருக்குப் போன் போட வேண்டும். பல ராத்திரிகளில் இடமில்லை என்ற பதில்தான் வருகிறது. வெளியே மைனஸ் 15, சில நாள் மைனஸ் 20. குளிரில் விரல் கறுத்துப்போய், ஆஸ்பத்திரியில் வெட்டி எடுக்க வேண்டி வந்தவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்த பிறகு லீவு நாளில் எனக்குத் தூக்கம் வருவதில்லை, அக்கா.

அந்தப் பார்க்குக்குப் போகிற நாங்கள் பெரிய அமைப்பெல்லாம் இல்லை. ஒரு நர்ஸ், ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர், இரண்டு கல்லூரிப் பிள்ளைகள், முன்பு கூடாரத்தில் இருந்து இப்போது அறை கிடைத்திருக்கிற ஓர் அம்மா, அப்புறம் நான். சனிக்கிழமைகளில் டீயும் சூப்பும் கொண்டு போவோம். காலுறை, ஸ்லீப்பிங் பேக் கொடுப்போம். அது வேலையில் சின்னப் பங்குதான். இத்தனாம் தேதிக்குள் காலி செய்ய வேண்டும் என்று கூடாரத்தில் நோட்டீஸ் ஒட்டினால், அன்று காலையில் போய் நிற்போம். யாருடைய மருந்து, யாருடைய அடையாள அட்டை குப்பை வண்டிக்குள் போகிறது என்று பார்த்து எழுதி வைப்போம். மாற்று இடம் தருகிறோம் என்றால், எந்த இடம், எத்தனை நாளைக்கு, புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து இருக்கலாமா என்று அங்கேயே கேட்டுப் பதில் வாங்குவோம். நகரமன்றக் குழுக் கூட்டங்களில் பொதுமக்கள் பெயர் கொடுத்துச் சில நிமிடம் பேசலாம். அங்கே கூடாரத்தில் படுக்கிறவரே எழுந்து பேசுவார். நாங்கள் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். அம்மாவிடம் சொல், போலீஸோடு மல்லுக்கு நிற்கிற வேலை எனக்கு இல்லை.

இந்த வழியையெல்லாம் எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் போட்டு வைத்திருக்கிறார்கள். தெருவில் இருப்பவர்களைத் தேடிப்போய் மருத்துவம் பார்த்த கேத்தி க்ரோ என்ற நர்ஸும் இன்னும் சிலரும் 1998-இல், வீடில்லாமை ஒரு தேசியப் பேரிடர் என்று அறிவித்தார்கள். அரசுகள் தங்கள் செலவில் கூடுதலாக ஒரு சதவீதத்தை வீட்டுக்கு ஒதுக்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. அந்தச் சமயத்தில் ஏரிக்கரையில் சும்மா கிடந்த ஒரு நிலத்தில் நூறு பேர் போலக் குடிசை போட்டு இருந்தார்கள். டென்ட் சிட்டி என்று பெயர். 2002 செப்டம்பரில் அவர்களைக் காலி செய்தார்கள். ஆனால் கூட நின்றவர்கள் விடாமல் கேட்டதால் அந்தக் குடிசைவாசிகளுக்கு வாடகை உதவி கிடைத்தது. பலர் சாவி போட்டுத் திறக்கிற வீட்டுக்குப் போனார்கள். இதை இங்கே எல்லோரும் இன்னும் சொல்கிறார்கள். தெருவில் இருப்பவர்கள் வீட்டுக்குள் இருக்க மாட்டார்கள், அவர்களுக்கு அதுதான் பிடிக்கும் என்று யாராவது சொன்னால், நான் இந்தக் கதையைத்தான் எடுத்துப் போடுகிறேன்.

2021 கோடையில் மூன்று பூங்காக்களில் கூடாரங்களைப் பிரித்தபோது நடந்தது வேறு. வேலி போட்டு, குதிரைப் போலீஸ் வரைக்கும் வந்தது. அதற்கு மாநகராட்சிக்கு ஆன செலவு ஏறக்குறைய 20 லட்சம் டாலர். அந்தப் பணத்தில் எத்தனை பேருக்கு எத்தனை மாத வாடகை கட்டியிருக்கலாம்! மாநகராட்சியின் குறைகேள் அதிகாரியே விசாரித்து, அந்த மக்களிடம் நியாயமாக நடந்துகொள்ளவில்லை என்று 2023-இல் அறிக்கை கொடுத்தார்.

அந்தக் கூடாரங்களைப் பிரிப்பதற்கு முந்தைய குளிர்காலத்தில் கலீல் சீவ்ரைட் என்ற தச்சர், ஒரு ஆள் படுக்கிற அளவுக்குப் பலகையில் சின்னச் சின்ன அறைகள் செய்து பூங்காக்களில் கொண்டுபோய் வைத்தார். சுவருக்குள் கண்ணாடிநார்ப் பஞ்சு அடைத்து, உடம்புச் சூட்டிலேயே உள்ளே கதகதப்பாக இருக்கும்படி செய்திருந்தார். புகை வந்தால் கத்துகிற கருவியும் வைத்தார். தீ ஆபத்து என்று சொல்லி மாநகராட்சி நீதிமன்றத்துக்குப் போனது. நகர நிலத்தில் இனி வைப்பதில்லை என்ற உடன்பாட்டோடு வழக்கு முடிந்தது. அந்த மனிதர் செய்தது சரி என்றுதான் எனக்கு இன்றைக்கும் படுகிறது. வெளியே உறைந்து சாகிறவனுக்குக் கூரை போட்டுக் கொடுத்தவனை நீதிமன்றத்துக்கு இழுக்கக் கூடாது.

நீதிமன்றங்களும் எப்போதும் ஒரே பக்கம் இல்லை. இதே மாகாணத்தில் இருக்கிற கிச்சனர் நகரில் ஒரு காலி இடத்தில் கூடாரம் போட்டிருந்தவர்களை வெளியேற்ற வாட்டர்லூ வட்டார நிர்வாகம் வழக்குப் போட்டது. ஷெல்டர்களில் போதுமான இடம் இல்லாதவரை அவர்களை வெளியேற்றுவது உயிருக்கும் உடல் பாதுகாப்புக்கும் உள்ள உரிமையை மீறுவதாகும் என்று 2023 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. எங்கள் நர்ஸ் அந்தத் தீர்ப்பின் நகலைப் பையிலேயே வைத்திருக்கிறார். நோட்டீஸ் ஒட்ட வருகிறவர்களிடம் எடுத்து நீட்டுவார்.

நகர நடுவில் ஈட்டன் சென்டர் என்ற பெரிய வணிக வளாகத்தை ஒட்டி ஹோலி டிரினிட்டி என்ற பழைய தேவாலயம் இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை மதியம், தெருவில் செத்துப்போனவர்களின் பெயர்களை அங்கே வாசிக்கிறார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. பல வரிகளில் பெயரே இல்லை, அடையாளம் தெரியாதவர் என்று மட்டும் இருக்கிறது. ஷிப்ட் இல்லாத மாதங்களில் போய் நிற்பேன். பெயர் இல்லாத வரி வரும்போதெல்லாம் எனக்கு நம் மதுரைதான் ஞாபகத்துக்கு வருகிறது.

இப்போது உன்னிடம் சொல்ல நினைத்ததற்கு வருகிறேன். பகலில் தெருவாசிகள் வந்து குளித்து, துணி துவைத்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்து போகிற மையம் ஒன்று இங்கே இருக்கிறது. அங்கே யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவரைப் பார்த்தேன். எழுபது வயது இருக்கும். நான் தமிழில் பேசியதும் கையைப் பிடித்துக்கொண்டார். சாப்பிட்டீர்களா ஐயா என்று கேட்டேன். “சாப்பாடு எங்கேயும் கிடைக்கும் தம்பி. எனக்கு விலாசம்தான் இல்லை. விலாசம் கேக்காத கந்தோர் ஒண்டு காட்டு பாப்பம்” என்றார். கந்தோர் என்றால் அவர்கள் பேச்சில் ஆபீஸ். முதியோர் உதவித்தொகைக் கடிதம் வந்து சேர விலாசம் வேண்டும், மருத்துவ அட்டையைப் புதுப்பிக்க விலாசம் வேண்டும். அந்த மையத்தின் விலாசத்தையே அவருக்கு எழுதிக்கொடுத்து, கடிதங்கள் அங்கே வரும்படி செய்ய எங்களுக்கு இரண்டு மூன்று மாதம் ஆனது. முதல் கடிதம் வந்த அன்று அதைப் பிரிக்காமல், உறையில் இருந்த தன் பெயரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நம் ஊரில் சோற்றுக்குக் குறை வைப்பதில்லை, அக்கா. பெரியாஸ்பத்திரி வாசலில் பொட்டலம் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், கோயிலில் அன்னதானம் இருக்கிறது. ராணி மங்கம்மாள் வழிப்போக்கர்களுக்குக் கட்டிய சத்திரம் இன்றைக்கும் ரயில்வே ஸ்டேஷன் எதிரில் நிற்கிறது. அப்பா சொல்வாரே, ஆபுத்திரன் கதை. ஊர் தள்ளிவைத்த பையன் மதுரைக்கு வந்து, சிந்தாதேவி கோயில் அம்பலத்தில் பிச்சை ஓட்டைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டு, கிடைத்ததைக் குருடருக்கும் முடவருக்கும் கொடுத்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டான் என்று. அழகர் ஆற்றில் இறங்குகிற ராத்திரி தல்லாகுளத்திலிருந்து வைகை வரைக்கும் எத்தனை ஆயிரம் பேர் தெருவில் படுக்கிறார்கள்! ஒருவரையும் யாரும் எழுப்புவதில்லை. மோர் கொடுக்கிறோம், விசிறி கொடுக்கிறோம். திருவிழா முடிந்த பிறகும் அதே ஆற்றங்கரையில் படுக்கிறவரைத்தான் நடுராத்திரியில் எழுப்பி நகரச் சொல்கிறார்கள்.

யானைக்கல் பக்கம் ஏ.வி. பாலத்தடியில் படுக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் உழைக்கிறவர்கள் என்று உனக்கே தெரியும். மண்டியில் மூட்டை இறக்குகிறவர்கள், கைவண்டி இழுக்கிறவர்கள், பூக்கட்டுகிற பாட்டிகள். விடிகாலை மூன்று மணிக்கு லாரி வந்துவிடும், அதனால் அங்கேயே படுக்கிறார்கள். பம்பாய் நடைபாதைவாசிகளுக்காக நடந்த ஓல்கா டெலிஸ் வழக்கில், பிழைப்பும் வாழும் உரிமையில் அடக்கம் என்று உச்ச நீதிமன்றம் 1985-இலேயே சொல்லிவிட்டது. பிழைப்பு இருக்கிற இடத்தைவிட்டு ஊருக்கு வெளியே தங்குமிடம் கட்டினால் யார் போவார்கள்?

2010-இல் டெல்லியில் குளிரில் ஆட்கள் செத்தபோது உச்ச நீதிமன்றம் தலையிட்டது. நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு தங்குமிடம், வருடம் முழுக்க, 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்ற அளவு அதிலிருந்து வந்ததுதான். 2013-இல் வந்த நகர்ப்புற வீடற்றோர் தங்குமிடத் திட்டத்திலும் லட்சம் மக்கள்தொகைக்கு 100 பேர் தங்க இடம் வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். மதுரை 2011-லேயே பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. அப்படியென்றால் ஆயிரம் பேருக்காவது இடம் இருக்க வேண்டும். எத்தனை தங்குமிடம், எந்தத் தெருவில், எத்தனை படுக்கை, பெண்களுக்குத் தனியாக எத்தனை என்று மாமா தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு ஆர்.டி.ஐ. மனு போடட்டும். நீ அரசு வேலையில் இருக்கிறாய், அவர் பெயரிலேயே போகட்டும். பத்து ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தப் பதிலோடு, படுக்கிறவர்கள் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் போகட்டும். பேச வேண்டியது அவர்கள். மாமா கூடப் போய் நின்றால் போதும்.

உனக்குத் தனியாக ஒரு வேலை. நீ வாக்குச்சாவடி நிலை அலுவலராக வாக்காளர் பட்டியலுக்காக வீடு வீடாகப் போகிறாய். வீடில்லாதவர்களுக்கும் ஓட்டு உண்டு, தேர்தல் ஆணையத்தின் விதியிலேயே இருக்கிறது. பட்டியலில் பெயர் சேர்க்கிற படிவம் 6-இல் அவர் எந்த இடத்தைச் சொல்கிறாரோ, அங்கே அலுவலர் ராத்திரியில் போய், அவர் அங்கேதான் தூங்குகிறாரா என்று பார்க்க வேண்டும். ஒரு ராத்திரி போதாது, மறுபடியும் போக வேண்டும். அங்கேதான் தூங்குகிறார் என்று தெரிந்துவிட்டால் முகவரிச் சான்று எதுவும் கேட்கக் கூடாது. பாலத்தடியே அவருடைய விலாசம். வாக்காளர் பட்டியலில் நீ பார்க்கிற பாகத்தில் அந்த ஆற்றங்கரை வருகிறதா என்று பார். வராவிட்டால் அந்தப் பாகத்து டீச்சரிடம் சொல். ஓட்டு இருக்கிற இடத்துக்குத்தான் கவுன்சிலர் வருவார், அது உனக்குத் தெரியாததா?

2011 கணக்கெடுப்பில் பிப்ரவரி 28-ஆம் தேதி ஒரே ராத்திரியில் வீடற்றவர்களை எண்ணினார்கள். நாடு முழுக்க 17 லட்சத்துக்கு மேல் வந்தது. அடுத்த கணக்கெடுப்பை 2027 மார்ச் 1-ஐ வைத்து அறிவித்திருக்கிறார்கள். டீச்சர்களைத்தான் அனுப்புவார்கள். ஒரே ராத்திரியில் எண்ணுவதென்றால், எந்தப் படிக்கட்டில், எந்தக் கடைத் திண்ணையில் ஆட்கள் படுக்கிறார்கள் என்று முன்னாடியே தெரிந்திருக்க வேண்டும். பெரியார் பஸ் ஸ்டாண்டு, மாட்டுத்தாவணி, ரயில்வே ஸ்டேஷன் வாசல், திருப்பரங்குன்றம் கோயில் பக்கம், நெல்பேட்டை, கீழவாசல். இப்போதே ஒரு நோட்டில் குறித்து வைத்துக்கொள்.

ராத்திரி தனியாகப் போகாதே, மாமாவையும் கூட்டிப் போ. டார்ச்சை மூஞ்சியில் அடிக்க வேண்டாம், தரையில் காட்டினால் போதும். அரைத் தூக்கத்தில் எழுப்பினால் விரட்ட வந்தவர்கள் என்று நினைத்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள். அதனால் முதல் நாள் சும்மா டீ வாங்கிக் கொடுத்துப் பேசிவிட்டு வா. படிவத்தை மறுநாள் எடுத்துக்கொண்டு போ. பெயர் கேட்டால் பட்டப்பெயரைத்தான் சொல்வார்கள். முழுப் பெயரையும் அப்பா பெயரையும் பொறுமையாகக் கேட்டு எழுது.

ஆர்.டி.ஐ. மனுவை எப்படி எழுதுவது என்று வாட்ஸ்அப்பில் தனியாக அனுப்புகிறேன். மாமா தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். இந்த மாதச் சம்பளம் வந்ததும் வழக்கமாக அனுப்புவதோடு கொஞ்சம் சேர்த்து அனுப்புகிறேன். ஜெராக்ஸுக்கும் ஆட்டோவுக்கும் வைத்துக்கொள். பதில் வந்த அன்றே போன் பண்ணு, ராத்திரி ஷிப்டில் இருந்தாலும் எடுப்பேன்.

அன்புடன்,
உன் தம்பி