லார்டுக்குள் ஒரு ரொட்டி

அன்புள்ள கணேசா,

கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது என்று படித்ததும்தான் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். பேரன் பள்ளிக்கூடம் போகிறான். பகலில் வீடு அமைதியாக இருப்பதால் பழைய ஆங்கிலச் சொற்களோடு உட்கார்ந்துவிடுகிறேன்.

இத்தனை வருஷமாகக் கோர்ட்டில் "மை லார்ட்" என்கிறாயே, அந்த லார்டுக்குள் ஒரு ரொட்டி இருக்கிறது, தெரியுமா? ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் அது 'ஹ்லாஃப்வெயார்ட்'. ஹ்லாஃப் என்றால் ரொட்டி. இன்றைய 'லோஃப்' அதுதான். வெயார்ட் என்றால் காவலன். வீட்டு ரொட்டியைக் காத்து, பங்கிட்டுக் கொடுப்பவன். லேடி அதைவிட அழகு: 'ஹ்லாஃப்டிகெ', ரொட்டிக்கு மாவு பிசைபவள்.

தின்கிறவனுக்கும் ஒரு பெயர் இருந்தது, 'ஹ்லாஃப்ஏட்டா'. அந்த வீட்டை நம்பிப் பிழைக்கும் வேலையாள். வக்கீலான உனக்கு இது பிடிக்கும்: கென்ட் நாட்டு அரசன் எதெல்பெர்ட் 600-ஐ ஒட்டி இயற்றிய சட்டத்தில், ஒரு குடியானவனின் ரொட்டி தின்பவனைக் கொன்றால் 6 ஷில்லிங் ஈடு கட்டவேண்டும் என்று இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதி இன்றுவரை கிடைத்திருக்கும் சட்டங்களில் அதுதான் மிகப் பழையது.

அப்புறம் பேச்சு வழக்கில் சொல் தேய்ந்தது. ஹ்லாஃபோர்ட், லோவர்ட், கடைசியில் லார்ட். சத்தம் தேயத் தேய மதிப்பு ஏறியது. லத்தீன் வேதத்தில் ஆண்டவரைக் குறித்த 'டோமினுஸ்' என்ற சொல்லுக்கு இதையே எடுத்துக்கொண்டார்கள். பிரபுக்கள் சபைக்கும் இதுவே பெயரானது. மாவு பிசைந்தவள் எஜமானியாகி, தேவமாதாவாகி, இன்று எந்தப் பெண்ணையும் மரியாதையாகக் குறிக்கும் சொல்லாகிவிட்டாள். ரொட்டி தின்றவன் மட்டும் மொழியிலிருந்தே காணாமல் போய்விட்டான். எனக்கு அதுதான் மனதை உறுத்துகிறது. மூவரும் ஒரே ரொட்டியிலிருந்து பிறந்தவர்கள். உழைத்துச் சாப்பிட்டவனின் பெயரை யாரும் பத்திரப்படுத்தவில்லை. நாம் சாமியைப் 'படியளக்கிறவர்' என்கிறோமே, அதில் அரிசி இன்னும் கண்ணுக்குத் தெரிகிறது. லார்டில் ரொட்டி தெரிவதில்லை.

காலனிக் கால வழக்கம் என்று சொல்லி, 'மை லார்ட்' வேண்டாம் என 2006-ல் இந்திய பார் கவுன்சில் தீர்மானம் போட்டதே, உங்கள் கோர்ட்டில் இளம் வக்கீல்கள் இப்போது நீதிபதியை எப்படித்தான் அழைக்கிறார்கள்? நீ மாற்றிக்கொண்டாயா? விவரமாக எழுது.

அன்புடன்,
சுந்தரம்