வெளியே வந்த பிறகு யார் பார்ப்பது? சேலம் மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூன் 26 வந்தால் போதை ஒழிப்புப் பேரணி நடக்கிறது. ஆகஸ்டில் பள்ளிப் பிள்ளைகள் கை நீட்டி உறுதிமொழி எடுக்கிறார்கள். அதெல்லாம் நடக்கட்டும். நான் எழுதுவது ஏற்கெனவே சிக்கிக்கொண்ட பிள்ளைகளுக்காக. ஒருவனைச் சிகிச்சைக்குச் சேர்க்கிற வரைக்கும் நாலு பேர் கூட வருகிறார்கள். அவன் வெளியே வந்த பிறகு யார் பார்க்கிறார்கள்?

நாங்கள் ஏற்காட்டு மலைக்காரர்கள், காபி எஸ்டேட் கூலிக் குடும்பம். என் தம்பி கீழே சேலத்தில் கொலுசுப் பட்டறையில் வேலை பார்த்தவன். வலிக்குக் கொடுக்கிற மாத்திரையை ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் அங்கே ஒட்டிக்கொண்டது. சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்ற மாட்டான். மாத்திரை கிடைக்காத நாளில் கண்ணும் மூக்கும் ஒழுகும், கொட்டாவி மேல் கொட்டாவி வரும், மேலெல்லாம் புல்லரித்துக் கிடக்கும், வயிற்றுப்போக்கு நிற்காது. விஷக்காய்ச்சல் என்று நினைத்து அம்மா கஷாயம் வைத்துக் கொடுத்தார்.

கடன் வாங்கி ஒரு தனியார் மையத்தில் சேர்த்தோம். அங்கே டாக்டர் என்று ஒருவரை நாங்கள் கண்ணால் பார்க்கவில்லை. அறையில் பூட்டி வைத்து அடித்தார்கள் என்று தம்பி பிறகு சொன்னான். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் குடி, போதைப் பழக்கத்தால் வரும் பாதிப்பும் அடக்கம். பதிவு இல்லாமல் மையம் நடத்தக் கூடாது, யாரையும் சங்கிலியில் கட்டக் கூடாது என்று அந்தச் சட்டம் சொல்கிறது. மாவட்டத்தில் பதிவு பெற்ற மையங்கள் எவை என்று ஒரு பட்டியல் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுவரிலும் ஒட்டியிருந்தால் எங்களைப் போன்றவர்கள் ஏமாற மாட்டோம்.

அதைவிடப் பெரிய ஆபத்து வீடு திரும்பிய பிறகுதான். கொஞ்ச காலம் விட்டிருந்தவனின் உடம்பு பழைய அளவைத் தாங்காது. உள்ளே போகுமுன் போட்ட அதே அளவை மறுபடி போட்டால் மூச்சே அடங்கிப்போகலாம். "பையன் தெளிந்து வந்துவிட்டான்" என்று வீட்டார் நிம்மதியாகத் தூங்குகிற அந்த வாரங்கள்தான் உயிர் போகிற வாரங்கள். இதை எங்களுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை.

பிறகு அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில்தான் வழி கிடைத்தது. அந்த ஊசிப் பழக்கத்துக்கு மாற்றாகக் கொடுக்கிற புப்ரினார்பின் என்ற மாத்திரை, நாக்குக்கு அடியில் வைத்துக் கரையவிட வேண்டும், நர்ஸ் எதிரிலேயே. உலக சுகாதார நிறுவனம் 2005-லேயே இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஒரு போதையை விடுவதற்கு இன்னொரு போதையா என்று சொந்தக்காரர்கள் இன்றும் கேட்கிறார்கள். அதைப் போட்டுக்கொண்டுதான் என் தம்பி காலை முதல் பொழுது சாயும் வரை கை நடுங்காமல் கொலுசுக் கண்ணி பற்றவைக்கிறான்.

எல்லோருக்கும் இதே மருந்து கிடையாது. கஞ்சாவுக்கு இப்படி மாற்று மாத்திரை இல்லை, அங்கே ஆலோசனைதான் மருந்து. வருஷக்கணக்காகக் குடித்தவர் சாமி மேல் சத்தியம் செய்து சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் பிதற்றல் கண்டு உயிருக்கே ஆபத்தாகலாம். அவரை ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் நிறுத்த வேண்டும். எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான நாடளாவிய ஆய்வின்படி மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார்.

மலையில் இருக்கிறவர்கள் நிலைமையை யோசித்துப் பாருங்கள் ஐயா. உள்கிராமத்திலிருந்து முதலில் ஏற்காடு வர வேண்டும். பிறகு 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம். ஒரு மாத்திரைக்காக இறங்கி ஏறினாலே அன்றைய கூலி போய்விடும், பஸ் காசு தனி. கூலிக்காரன் இப்படி எத்தனை நாள் வருவான்? ஏற்காடு அரசு மருத்துவமனையில் வாரம் ஒரு நாள் மனநல மருத்துவரும் ஆலோசகரும் உட்காரட்டும். மற்ற நாள்களில் அங்குள்ள நர்ஸ் கையால் மருந்து கிடைக்கட்டும். ஊருக்கே போய்ச் சிகிச்சை கொடுப்பதும் புதிதில்லை. சென்னை டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை 1989-இல் மஞ்சக்குடி கிராமத்தில் முகாம் போட்டுக் குடிநோயாளிகளுக்குச் சிகிச்சை தந்தது. ஊரார் பார்க்க, ஊராரின் துணையோடு நடந்த சிகிச்சை அது. வீடு திரும்பியவனை அக்கம்பக்கமே கவனித்துக்கொள்ளும் என்பதால் இந்த முறை நம் மலைக்கு ரொம்பப் பொருந்தும்.

இன்னொன்று, போலீஸ் பயம். ஆஸ்பத்திரிக்குப் போனால் கேஸ் போடுவார்கள் என்று பலர் வருவதே இல்லை. போதைப்பொருளைப் பயன்படுத்தியதற்காக, சிறிய அளவு வைத்திருந்ததற்காக வழக்கில் சிக்கியவர் தானாக முன்வந்து அரசு அல்லது அங்கீகாரம் பெற்ற இடத்தில் முழுச் சிகிச்சை எடுத்தால் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு அவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. இதைக் காவல் நிலையங்களே மக்களிடம் சொல்ல வேண்டும். போதை மீட்புக்கான 14446, மனநலத்துக்கான 14416 என்ற உதவி எண்களை மலைப் பேருந்துகளுக்குள் எழுதி வையுங்கள்.

வேலை விஷயமும் உங்களால் முடியும். தம்பியுடையது வெள்ளியை எடை போட்டுக் கொடுத்து எடை போட்டு வாங்குகிற தொழில். போதைக்காரன் என்று பேர் விழுந்தவன் கையில் ஒரு கிராம் வெள்ளியை நம்பித் தர மாட்டார்கள். தம்பியைத் திரும்பச் சேர்த்துக்கொண்ட பட்டறைக்காரர் அவனுக்கு மறுபிழைப்புக் கொடுத்தார். அவரைப் போன்றவர்கள் இன்னும் சிலர் முன்வர, நீங்கள் ஒரு முறை பட்டறை உரிமையாளர்களைக் கூப்பிட்டுப் பேசினால் போதும்.

1937 அக்டோபர் 1 அன்று நாட்டிலேயே முதன்முதலாக மதுவிலக்கு வந்தது நம் சேலம் மாவட்டத்தில். தடுப்பதில் காட்டிய அந்த அக்கறையை, விழுந்தவர்களைத் தூக்கிவிடுவதிலும் இந்த மாவட்டம் காட்ட வேண்டும் என்று கேட்கிறேன். மலையிலிருந்து நாங்கள் சில தாய்மார்களும் அக்காமார்களும் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்கு இதையே மனுவாக எடுத்து வருகிறோம். ஏற்காட்டில் வாரம் ஒரு நாள் என்ற அந்த ஒரு கோரிக்கைக்காவது, எந்தக் கிழமை என்று அன்றைக்கே சொல்லி எங்களை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஏற்காட்டு மலையிலிருந்து ஓர் அக்கா