சித்தப்பாவின் தாகம்

அன்புள்ள தேன்மொழிக்கு,

சித்தப்பாவுக்கு என்னவென்று போனில் கேட்டாய். பக்கத்தில் சித்தி இருந்ததால் மழுப்பிவிட்டேன். ரத்தப் புற்றுநோய்தான் அம்மா, அக்யூட் மைலாய்டு லுகேமியா.

அது வந்த வழிதான் விசித்திரம். முதலில் காய்ச்சல் இல்லை, ரத்தக்கசிவு இல்லை. வெறும் தாகம். குடம் குடமாகக் குடித்தான், ராத்திரியெல்லாம் பாத்ரூமுக்கு நடந்தான். சொந்தக்காரர்கள் எல்லோரும் சுகர் என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். ரத்தத்தில் சர்க்கரை சரியாகவே இருந்தது. சிறுநீரை அளந்தால் நாளுக்கு 3 லிட்டருக்கும் மேல், நிறமே இல்லாமல்.

வாசோபிரசின் என்ற ஹார்மோனை மூளைக்குள் ஹைப்போதலாமஸ் தயாரிக்க, பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதி ரத்தத்தில் விடுகிறது. அது இல்லாவிட்டால் சிறுநீரகம் தண்ணீரைப் பிடித்து வைக்காது. அவனுக்கு அதுதான் குறைந்துவிட்டது. டயாபடிஸ் இன்சிபிடஸ் என்பது இந்தக் கோளாறின் பழைய பெயர். சர்க்கரை நோய் என்று ஆஸ்பத்திரிகளிலேயே தவறாக நினைத்து ஆபத்தில் முடிந்ததால், 2022-இல் வாசோபிரசின் குறைபாடு என்று மாற்றினார்கள். நம் சொந்தக்காரர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை!

ரத்த அணுக்களின் எண்ணிக்கையும் சரியில்லாததால் எலும்பு மஜ்ஜையை எடுத்துப் பார்த்தார்கள். புற்றுச் செல்களில் ஏழாவது குரோமோசோம் ஜோடியில் ஒன்றைக் காணோம். மூன்றாவதில் ஒரு துண்டு தலைகீழாகத் திரும்பி ஒட்டியிருக்கிறது. இந்த லுகேமியாவில் இப்படித் தாகம் வருவது அபூர்வம். வந்தவர்களிடம் அடிக்கடி தென்படுவது இந்த இரண்டு மாற்றங்கள்தான் என்றார் டாக்டர். வாத்தியார் புத்தி, விடவில்லை, விளக்கம் கேட்டேன். துண்டு திரும்பும்போது காட்டா2 என்ற ஜீனை இயக்கும் பகுதி இடம் மாறி, ஈவிஐ1 என்ற ஜீனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறது. பக்கத்து வீட்டு சுவிட்சில் நம் வீட்டு விளக்கு எரிகிற கதை. 2014-இல்தான் இது வெளிச்சத்துக்கு வந்தது. ஆனால் அங்கிருந்து வாசோபிரசின் வரை எப்படிப் போகிறது என்பது இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. சிலருக்குப் புற்றுச் செல்கள் பிட்யூட்டரி வரை பரவியிருக்கும். சிலருக்கு ஸ்கேனில் ஒன்றுமே தெரியாது.

பரம்பரையோ என்று உன் மனதில் ஓடியிருக்கும். பெரும்பாலும் இல்லை. மஜ்ஜைச் செல்களில் இடையில் வந்த கோளாறு இது, பிறவியில் வந்ததில்லை. அபூர்வமாகச் சில குடும்பங்களில் அடிப்படைக் கோளாறு இருப்பதுண்டு என்பதால் நம் குடும்ப விவரமும் கேட்டுக்கொண்டார்கள்.

டெஸ்மோபிரசின் மாத்திரை கொடுத்ததும் தாகம் அடங்கிவிட்டது, தூங்குகிறான். சித்தி அதைப் பார்த்து, பாதி குணமாகிவிட்டது என்று நம்புகிறாள். அது இல்லாத ஹார்மோனுக்கு ஈடு மட்டும்தான். இந்தக் குரோமோசோம் மாற்றம் முரண்டு பிடிக்கிற ரகம். கீமோ மட்டும் போதாது, முடிந்தால் மஜ்ஜை மாற்று வேண்டும் என்கிறார்கள். கூடப்பிறந்தவர் ஒவ்வொருவரும் முழுதாகப் பொருந்த 25 சதவீத வாய்ப்பு. நானும் அத்தையும் பொருத்தம் பார்க்க ரத்தம் கொடுத்திருக்கிறோம். பொருந்தாவிட்டால் அவன் மகன், உன் தம்பி பிரபு பாதிப் பொருத்தத்தில் கொடுக்கலாமாம். இதையெல்லாம் சித்தியிடம் நானே பக்குவமாகச் சொல்கிறேன், நீ முந்திக்கொள்ளாதே.

அவனோடு பேசும்போது "நிறையத் தண்ணி குடிங்க சித்தப்பா" என்று மட்டும் சொல்லிவிடாதே. இந்த மாத்திரையோடு அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்பு வரை போகும். குறைக்கச் சொல்லவும் வேண்டாம். தாகம் எடுத்தால் குடிக்கட்டும். கிரிக்கெட் பேசு, அவனுக்கு அதுதான் பிடிக்கும்.

அப்பா