தலைமன்னார் வெளிச்சவீட்டின் வரலாற்றையும் எழுதி வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தலைமன்னாருக்குச் சுற்றுலா செல்லும் இளையோர் வெளிச்சவீட்டின் முன் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அது யாருக்காக எரிந்தது என்று அவர்களுக்குச் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. முருங்கனில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியை என்ற முறையில் இது என்னை வருத்துகிறது.

1914இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் சேவை தொடங்கியது. கர்சன், எல்ஜின், ஹார்டிங் என்ற நீராவிக் கப்பல்கள் ஓடின. கொழும்பு ரயிலில் வந்திறங்கியவர்கள் இறங்குதுறையில் கப்பலேறி, அக்கரையில் மறுபடியும் ரயிலேறினார்கள். கப்பல் வழிக்குத் தெற்கே இராமர் அணையின் மணல் திட்டுகள். ஆழம் குறைந்த, அடிக்கடி இடம் மாறும் மணல். அந்தக் கடலில் இரவில் கரை காட்டும் வெளிச்சம் எவ்வளவு பெரிய துணை! என் தந்தையார் துறைமுகத் தொழிலாளி. மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள் குழந்தைகளைத் தோளில் சுமந்து கப்பலேறியதை அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேஸ்வரத்துக்கு ஓடிய கப்பலும் போரோடு நின்றது. 2015இல் ரயில் மீண்டும் தலைமன்னார் வரை வந்தது, கப்பல் வரவில்லை.

வெளிச்சவீட்டின் அடியில் இவ்வரலாற்றைத் தமிழில் எழுதிய ஒரு பலகையை உரியவர்கள் வைக்க வேண்டும். துறைமுகத்தில் வேலை செய்த முதியவர்களின் நினைவுகளை மாணவர்கள் இப்போதே ஒலிப்பதிவு செய்யட்டும். அவர்களில் பலர் எண்பது வயதைக் கடந்துவிட்டார்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
முருங்கன்.