சொறிமுட்டை போன பிறகும் செவுளைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சொறிமுட்டைகள் (ஜெல்லி மீன்கள்; சுருக்கமாகச் சொறி) கூட்டமாகக் கரையோரம் வந்தது பற்றித் தங்கள் இதழில் படித்தேன். வலைகள் அடைத்துக்கொண்டதையும் குளித்தவர்களுக்கு உடம்பு தடித்ததையும் சரியாகவே எழுதியிருந்தீர்கள். சொறியோடு கூடவே வரும் பாக்டீரியாக்களைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. விலங்கியல் நடத்தி ஓய்வுபெற்றவன் என்பதால் அது என் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

2007 நவம்பரில் வட அயர்லாந்துக் கரையோரச் சால்மன் பண்ணை ஒன்றை ஊதாநிறச் சொறிக் கூட்டம் சூழ்ந்தது. கூண்டுகளில் இருந்த ஒரு லட்சத்துக்கும் அதிகமான மீன்கள் செத்தன. கொட்டு விஷம் பெரிய காரணம்தான். ஆனால் அடுத்த சில ஆண்டுகளில் வேறொன்றும் தெரியவந்தது. ஸ்காட்லாந்தில் விரல்நகம் அளவே உள்ள ஒரு சொறியின் வாய்ப்பகுதியில் நூல் நூலாக டெனாசிபாகுலம் என்ற பாக்டீரியா ஒட்டியிருந்தது. மீன்களின் செவுளைப் புண்ணாக்கி அரிப்பது இதே பாக்டீரியாதான். பிறகு ஊதாச் சொறியிலும் அதைக் கண்டார்கள். சொறி செவுளைக் கொட்டிக் காயப்படுத்துகிறது. அந்தக் காயத்தின் வழியே பாக்டீரியா உள்ளே நுழைகிறது. கூட்டம் விலகிய பிறகும் மீன்கள் செத்துக்கொண்டிருந்தால் இதையும் சந்தேகிக்க வேண்டும்.

செத்த சொறியும் சும்மா இருப்பதில்லை. அதன் உடம்பில் 95 சதவீதம் தண்ணீர் என்றாலும் உப்பு போக மிச்சமிருக்கும் உயிர்ப்பொருளில் பெரும்பங்கு புரதம். விப்ரியோ போன்ற பாக்டீரியாக்கள் அதில் மளமளவென்று பெருகி, தண்ணீரிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொள்கின்றன. உயிரோடு இருக்கும்போது சொறி விடும் சளியும் அவற்றுக்குத் தீனி. அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் செய்து 2011-இல் வெளியான ஆய்வில், அந்தத் தீனியில் பெரும்பகுதியைப் பாக்டீரியாக்கள் தம் உடல் வளர்ச்சிக்குப் பயன்படுத்தாமல் கரியமில வாயுவாகவே வெளியே விட்டது தெரிந்தது. பாக்டீரியாவைத் தின்னும் சிற்றுயிர்கள் வழியாக மீன்வரை போய்ச் சேர வேண்டிய உணவு அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

மண்டபம் பக்கம் கடலில் கூண்டு போட்டுக் கடல் விரால் வளர்க்கிறார்கள். கடன் வாங்கிக் குஞ்சு விட்டவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். சொறிக் கூட்டம் கடந்து போனதும் இரண்டு வாரமாவது சில மீன்களை எடுத்துச் செவுளைப் பார்க்கச் சொல்லுங்கள். வலையிலிருந்து வழித்த சொறியைக் கூண்டுப் பக்கமே கொட்ட வேண்டாம். அந்த நாட்களில் கூண்டருகே தண்ணீர் எடுத்து ஆக்சிஜனையும் பாக்டீரியாவையும் சோதித்து, முடிவை வளர்ப்போருக்கு மீன்வளத் துறை தமிழில் உடனே தெரிவிக்க வேண்டும். தங்கள் நிருபர் அடுத்த முறை அதிகாரிகளைச் சந்திக்கும்போது இதைக் கேட்டு எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
இராமநாதபுரம் மாவட்டம்